பியர்டட் டிராகன் வாங்கும் முன்: மார்ஃப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

“ஹைப்போ டிரான்ஸ் லெதர்பேக் சூப்பர் ரெட், 66% ஹெட் ஜீரோ.” அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பியர்டட் டிராகன் என்னும் வளர்ப்புப் பல்லியை விற்கும் இணையப் பக்கங்களைத் திறந்தால் இப்படி ஒரு வரி கண்ணில் படும். நிறத்திலும் செதிலிலும் பட்டையிலும் மரபுவழி வரும் வேறுபாட்டுக்கு ‘மார்ஃப்’ என்று பெயர்; இந்த வரி அத்தகைய பெயர்களின் கோவை. வரி நீள நீள விலையும் ஏறும். இதில் ஹைப்போ, டிரான்ஸ், லெதர்பேக் மூன்றையும் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். ‘ஹெட் ஜீரோ’வைப் பெற்றோரின் பதிவேட்டைப் பார்த்தால்தான் நம்பலாம். ‘சூப்பர் ரெட்’டுக்கு, அந்தக் குஞ்சு ஒரு வயதைத் தாண்டும்வரை விற்பவர் உட்பட யாரும் பொறுப்பேற்க முடியாது.

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்று வகைப் பெயர்களுக்கும் ஒரே மாதிரி காசு கொடுப்பதால்தான். விற்பவர் எல்லாரும் பொய்யர்கள் என்று இதற்குப் பொருளில்லை. இணைசேர்த்துப் பெருக்கும் ப்ரீடரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து கடைக்கும் குஞ்சுகள் கைமாறும்போது பல ஈட்டுக் குஞ்சுகள் (ஒரு பெண் ஒரே முறையில் இடும் முட்டைகள் ஓர் ஈடு) ஒரே பெட்டியில் கலந்துவிடும். பெற்றோர் யார் என்ற விவரம் அங்கேயே தொலைந்துபோகும். கடைக்காரர் தனக்குத் தெரிந்த பெயரை எழுதி ஒட்டுவார். ‘ஃபேன்ஸி’ என்று எழுதியிருந்தால் அதற்கு மரபியலில் பொருளே கிடையாது.

பின்னணியாக ஒன்று. இந்த விலங்கின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி இதன் தாயகம். நம்மூர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் அகமிடே என்னும் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிக ரீதியில் ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. எனவே மற்ற நாடுகளில் விற்பனையாகும் குஞ்சுகள் பல தலைமுறைகளாகக் கூண்டில் பெருகியவற்றின் வாரிசுகள். “ஆஸ்திரேலியக் காட்டிலிருந்து நேரே வந்த சிவப்பு” என்று யாராவது சொன்னால், ஒன்று அது பொய், இல்லையேல் கடத்தல். இரண்டில் எதுவானாலும் வாங்காதீர்கள்.

முதலில் பெயரைத் துண்டாக்குங்கள்

ஒரு தாளில் விளம்பர வரியை எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் அது எந்த வகை என்று குறியுங்கள்.

ஒற்றை மரபணுவால் வந்து, உடலில் தெரியும் பண்புகள் ஒரு வகை. ஹைப்போ (கருநிறமி குறைந்தது), டிரான்ஸ்லூசென்ட் (சுருக்கமாக டிரான்ஸ்), விட்பிளிட்ஸ், ஜீரோ ஆகியவை ஒடுங்கு பண்புகள். தாயிடமிருந்து மரபணுவின் ஒரு படியும் (நகலும்) தந்தையிடமிருந்து ஒரு படியும் கிடைத்தால்தான் இவை வெளியே தெரியும். டன்னரும் ஜெனெடிக் ஸ்ட்ரைப்பும் ஓங்கு பண்புகள். ஒரு படியே போதும். லெதர்பேக் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒரு படி இருந்தால் லெதர்பேக், இரண்டு படி இருந்தால் செதிலே இல்லாத சில்க்பேக்.

உள்ளே இருந்தும் வெளியே தெரியாதவை அடுத்த வகை. ‘ஹெட்’ என்று தொடங்கும் எல்லாம் இதில் அடங்கும்: ஒடுங்கு பண்பின் மரபணுவை ஒரு படி மட்டும் சுமக்கும் விலங்கே ஹெட்.

கடைசி வகை நிறப் பெயர்கள்: ரெட், சிட்ரஸ், டேஞ்சரின், பிளட் ரெட் போன்றவை. இவை ஒற்றை மரபணுவின் வேலையல்ல. நல்ல சிவப்பு உள்ளவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்து உருவாக்கிய வம்ச நிறங்கள். பல மரபணுக்கள் சேர்ந்து இயங்குவதால் ஒரே ஈட்டில் பிறந்த குஞ்சுகளே வெவ்வேறு அளவில் சிவக்கும்.

இந்தப் பிரிப்பு தெரிந்துவிட்டால் சில விளம்பரங்கள் அப்போதே விழுந்துவிடும். ‘ஹெட் ரெட்’, ‘ஹெட் சிட்ரஸ்’ என்று எதுவும் இருக்க முடியாது. மறைத்து வைக்க அங்கே ஒற்றை மரபணு இல்லை. ‘ஹெட் லெதர்பேக்’கும் அப்படித்தான். லெதர்பேக் மரபணு ஒரு படி இருந்தாலே முதுகில் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால் அது இல்லை. ‘சூப்பர்’ என்ற சொல்லுக்கு மரபியலில் குறிப்பான பொருள் உண்டு: லெதர்பேக் போன்ற பண்பில் இரண்டு படியும் இருக்கும் நிலை. ‘சூப்பர் ரெட்’, ‘சூப்பர் சிட்ரஸ்’ என்னும்போது அது வெறும் புகழ்ச்சி. ‘சூப்பர் லெதர்பேக்’ என்று பார்த்தால் கவனம்: அது இன்னும் உயர்ந்த லெதர்பேக் என்று நினைத்து வாங்கினால் கைக்கு வருவது சில்க்பேக்.

கையில் வைத்துச் சரிபார்ப்பது

குஞ்சு நன்கு சூடேறி, விழித்திருக்கும் நேரத்தில் போங்கள். ஒரு வெள்ளைத் தாள், போனில் ஒரு டார்ச், ஈரமான வெள்ளைத் துணி இவை போதும்.

ஹைப்போவுக்கு நகம்தான் சாட்சி. காலுக்கு 5 வீதம் மொத்தம் 20 நகங்கள். சாதாரண டிராகனின் நகத்தில் நீளவாக்கில் கரும்பழுப்புக் கோடு ஓடும். ஹைப்போவில் 20 நகமும் கோடின்றித் தெளிவாக இருக்க வேண்டும். குஞ்சின் நகம் மிகச் சிறியது. வெறுங்கண்ணால் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். பாதத்தை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, போனில் நெருக்கமாகப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை நனைத்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நகத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக் குழாய். அதைக் கோடு என்று எண்ண வேண்டாம். நான்கைந்து நகம் தெளிவாகவும் மற்றவை கோடுடனும் இருந்தால் அது ஹைப்போ இல்லை. “பாதி தெளிவு, அதனால் ஹெட் ஹைப்போ” என்பதும் நிரூபணம் ஆகாது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் வெளிறியிருப்பதால் மட்டும் ஹைப்போ ஆகாது. மணல் நிற வம்சத்தில் வந்த சாதாரண டிராகன் ஒரு ஹைப்போவைவிட வெளிறித் தெரியலாம். அதேபோல் ‘லூசிஸ்டிக்’, ‘ஸ்னோ’, ‘ஆல்பினோ’ என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் வெளிறிய ஹைப்போக்களே. நகமும் கண்ணும் என்ன சொல்கின்றன என்று பார்த்து, அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

டிரான்ஸ்லூசென்டுக்குக் கண். சாதாரணக் கண்ணில் நடுவில் உள்ள கறுப்புப் பாப்பாவைச் சுற்றிப் பொன்னிறமோ ஆரஞ்சோ பழுப்போ ஒரு வளையம் தெரியும். டிரான்ஸில் அந்த வளையமே தெரியாமல் கண் முழுதும் கருமையாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் பாப்பா விரிந்து எந்தக் குஞ்சின் கண்ணும் கறுப்பாகத் தோன்றும் என்பதால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கண் மட்டும் கறுப்பாகவோ வளையம் அரைகுறையாகவோ இருந்தால் பெற்றோர் விவரம் இல்லாமல் டிரான்ஸ் என்று ஏற்க வேண்டாம். இளம் டிரான்ஸ் குஞ்சின் வயிறும் இமையும் நீலம் பூத்திருக்கும். தோலின் ஒளி ஊடுருவும் தன்மையால் வரும் இந்த நீலம், குஞ்சு வளர்ந்து தோல் தடிக்கத் தடிக்க மங்கிவிடும். ‘புளூ பியர்டட் டிராகன்’, ‘பர்ப்பிள்’ என்று தனி விலைக்கு விற்பது பெரும்பாலும் இந்தப் பருவத்துக் குஞ்சைத்தான்.

லெதர்பேக்கை விரலால் அறியலாம். சாதாரணக் குஞ்சின் முதுகில் முள் போன்ற செதில்கள் வரிசையாகத் தட்டுப்படும். லெதர்பேக்கின் முதுகு வழுவழுப்பாக இருக்கும். விலாவின் ஓர முட்கள் மட்டும் மிஞ்சும். அதே வயதுச் சாதாரணக் குஞ்சு ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். ‘அமெரிக்கன் ஸ்மூத்தி’ என்பதும் பார்க்க இதேபோல் இருக்கும், ஆனால் அது ஒடுங்கு பண்பு. வளர்க்க மட்டும் வாங்குபவருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. இணைசேர்க்க நினைப்பவர் எது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

டன்னரில் செதில்கள் ஒரே திசையில் படியாமல் தாறுமாறாகத் திரும்பியிருக்கும். தாடிச் செதில்கள் கீழ்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் பார்க்கும். முதுகில் பட்டைகளுக்குப் பதில் புள்ளியும் திட்டுமாக இருக்கும். ஜெனெடிக் ஸ்ட்ரைப் என்றால் முதுகெலும்பின் இருபுறமும் கழுத்திலிருந்து வால் அடிவரை இரண்டு கோடுகள் அறுபடாமல் ஓட வேண்டும். சாதாரணக் குஞ்சுகளின் முதுகிலும் வெளிர்த் திட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கோடு என்று விற்பதுண்டு.

உடலில் பட்டையே இல்லாத மார்ஃப்களில்தான் குழப்பம் அதிகம். தென்னாப்பிரிக்காவில் தோன்றிய விட்பிளிட்ஸும், வெள்ளி சாம்பல் நிற ஜீரோவும் முட்டையை விட்டு வரும்போதே பட்டையின்றி வரும். சில்வர்பேக்கோ பட்டையுடன் பிறந்து வளர வளர அதை இழக்கும். ஆகவே சில்வர்பேக் குஞ்சைப் பார்த்து உறுதிசெய்ய வழியே இல்லை, பெற்றோரின் படமும் பதிவும் வேண்டும். வயதான சாதாரண டிராகன்களின் பட்டையும் மங்கும் என்பதால், பட்டையற்ற பெரிய விலங்கைக் காட்டி சில்வர்பேக் என்று சொன்னால் அதன் குஞ்சுப் பருவப் படத்தைக் கேளுங்கள்.

நிறம்: எதை நம்பலாம்

முட்டையை விட்டு வரும் குஞ்சு சுமார் 10 செ.மீ. நீளம், 2 முதல் 3 கிராம் எடை. பல குஞ்சுகளுக்கு ஆரஞ்சுப் பட்டைகள் அப்போது பளிச்சென்று இருந்து சில மாதங்களில் மண்ணிறமாகும். மாறாக, மங்கலாகப் பிறந்து பிறகு சிவப்பவையும் உண்டு. இறுதி நிறம் நிலைக்க 12 முதல் 18 மாதம் ஆகும். 6 வாரக் குஞ்சை ‘பிளட் ரெட்’ என்று விற்பவர் உண்மையில் சொல்லக்கூடியது “இதன் பெற்றோர் சிவப்பு” என்பது மட்டுமே. அதையும் காட்டச் சொல்லுங்கள்: தாய், தந்தை இருவரையும், இயற்கை வெளிச்சத்தில், இப்போதைய தேதியில். தந்தை மட்டும் சிவப்பாக இருந்து தாயின் படம் “கையில் இல்லை” என்றால் சாதாரணக் குஞ்சின் விலைக்கு மேல் தராதீர்கள்.

நிறம் ஒரே நாளிலும் மாறும். உடல் குளிர்ந்திருக்கும் காலையில் வெப்பத்தை உறிஞ்ச இவை கருக்கும். சூடேறியதும் வெளுக்கும், மஞ்சளும் சிவப்பும் எழும். 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் சூட்டு மேடையில் அரை மணி நேரம் கிடந்த டிராகனையும், அப்போதுதான் கண்விழித்ததையும் படமெடுத்தால் இரண்டு வேறு விலங்குகள் போலத் தெரியும். தோல் உரிக்கும் முன் மங்கலாகவும், உரித்த மறுநாள் மிகப் பளிச்சென்றும் இருக்கும். விற்பவர் சூடேறிய, உரித்து முடிந்த நாளைத் தேர்ந்து படமெடுப்பதில் தவறில்லை. அது அந்த விலங்கின் உச்ச நிறம் என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏமாற்று வேறிடத்தில் தொடங்குகிறது: சிவப்பு விளக்கின் கீழ் எடுத்த படம், நிறச் செறிவை ஏற்றிய படம், வேறு விலங்கின் படம். இதைத் தவிர்க்கப் பின்வருமாறு கேளுங்கள்: பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் குஞ்சை விட்டு, வெட்டில்லாத 30 விநாடி வீடியோ, நீங்கள் சொல்லும் ஒரு சொல்லும் அன்றைய தேதியும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் நம்பத்தக்கது. தாளே இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் டிராகனின் நிறத்திலும் அதே கலப்பு உண்டு. அதே வீடியோவில் வயிறு, கண், ஒரு முன்னங்காலின் நகங்கள், அருகில் ஓர் அளவுகோல் எல்லாம் வரட்டும். வயிற்றில் கரிய நீள்வட்டங்களும் கோடுகளும் இருந்தால் குஞ்சு குளிரிலோ பதற்றத்திலோ இருக்கிறது என்று அறியுங்கள்.

நேரில் போகும்போது கூண்டின் தரையையும் பாருங்கள். சிவப்பு மணலில் வளரும் டிராகனின் செதில் இடுக்குகளில் அந்தத் தூள் படிந்து உடலே சிவந்து தெரியும். ஈரமான வெள்ளைத் துணியால் முதுகை மெல்ல ஒற்றி எடுத்தால் துணி சொல்லிவிடும். “இந்தத் தீனி கொடுத்தால் சிவக்கும்” என்ற பேச்சையும் நம்பி விலை கூட்டாதீர்கள். நல்ல உணவும் சரியான வெப்பமும் இருக்கிற நிறத்தை நன்றாகக் காட்டும். வம்சத்தில் இல்லாத சிவப்பை அவை கொண்டுவராது.

ஹெட் கணக்கு

ஒடுங்கு பண்பு வெளியே தெரியும் விலங்கை அது இல்லாத விலங்கோடு இணைத்தால் எல்லாக் குஞ்சுகளும் ஒரு படியைச் சுமக்கும். இது ‘100% ஹெட்’. இரண்டு ஹெட்களை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று பண்பைக் காட்டும், இரண்டு ஹெட், ஒன்று வெறும் (அந்த மரபணுவே இல்லாதது). காட்டாத மூன்றில் இரண்டு ஹெட் என்பதால் அவை ஒவ்வொன்றும் ‘66% ஹெட்’. ஹெட்டை வெறும் விலங்கோடு இணைத்தால் ‘50% ஹெட்’. இந்த எண்கள் வாய்ப்பைத்தான் சொல்கின்றன. 66% ஹெட் குஞ்சு ஒன்று அந்த மரபணுவைச் சுமக்கிறது அல்லது சுமக்கவில்லை, இடைநிலை கிடையாது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த எண் எந்த இணையிலிருந்து வந்தது?” பதிலும் எண்ணும் பொருந்த வேண்டும். பெற்றோர் இருவரும் ஹெட் என்று சொல்லிவிட்டு வெளியே தெரியாத குஞ்சை 100% ஹெட் என்றால் கணக்கே தப்பு. பெற்றோர் பெயரே தெரியாதபோது ‘பாசிபிள் ஹெட்’ என்றால் அதற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர வேண்டாம்.

ஹெட் உண்மைதானா என்று இணைசேர்த்து நிரூபிக்கலாம். அந்தப் பண்பைக் காட்டும் விலங்கோடு இணைத்தால் குஞ்சுகளில் பாதி பண்பைக் காட்ட வேண்டும். 10 குஞ்சு பிறந்து ஒன்றும் காட்டவில்லை என்றால், அது உண்மையான ஹெட்டாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. உண்மையான ஹெட்டிடம் அப்படி நேர்வது ஆயிரத்தில் ஒரு முறை. ஒரு ஈட்டில் 15 முதல் 30 முட்டை இருக்கும் என்பதால் ஒரே ஈடு போதும். ஹெட்டையும் ஹெட்டையும் இணைத்தால் 20 குஞ்சில் ஒன்றும் காட்டாமல் போவது ஆயிரத்தில் மூன்று முறைதான் நேரும்.

இதில் புதியவர்கள் தவறவிடுவது பெண்ணின் வயிற்றில் இருக்கிறது. பெண் டிராகன் விந்தைச் சேமித்து வைத்து, ஒரே சேர்க்கைக்குப் பிறகு பல ஈடு முட்டையிடும். வேறொரு ஆணோடு இருந்த பெண்ணை வாங்கி உடனே உங்கள் ஆணோடு விட்டால், குஞ்சுகளின் தந்தை யார் என்றே சொல்ல முடியாது. அந்த ஈட்டை வைத்து எதையும் நிரூபிக்காதீர்கள், அதற்குப் பெயர் சூட்டி விற்கவும் செய்யாதீர்கள்.

பெயரோடு ஒட்டி வரும் மற்றவை

‘ஜெர்மன் ஜெயன்ட்’ என்பது பெரிய உடல்வாகு கொண்ட ஒரு வம்சத்தின் பெயர். குஞ்சில் தெரியாது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை பெற்றோரின் நீளம் 60 செ.மீ.க்கு மேல் என்று அளவுகோலோடு படம் காட்டாதவரை வெறும் பேச்சு. ‘மினி’, ‘ட்வார்ஃப்’ என்றால் அது பெரும்பாலும் வேறு இனம்: சுமார் 30 செ.மீ. மட்டுமே வளரும் போகோனா ஹென்ரிலாசோனி, அல்லது இரண்டின் கலப்பான விட்டிகின். வளர்க்க நல்லவைதான், இணைசேர்க்கும்போது கலந்துவிடக் கூடாது. ‘பாரடாக்ஸ்’ என்பது உடலில் எங்கெங்கோ தெறித்தது போல் வரும் வேற்று நிறத் திட்டு. வாரிசுக்குப் போகும் என்று எண்ணி விலை தராதீர்கள். தீக்காயத் தழும்பும் உரியாத தோலும் தூரத்தில் அப்படித் தெரியும்.

சில்க்பேக்கைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது: முதல் டிராகனாக இதை வாங்காதீர்கள். செதில் இல்லாத தோல் எளிதில் கிழியும், காயும். தோல் சரியாக உரியாமல் விரலிலும் வால் நுனியிலும் வளையமாக இறுகி, இரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதியே உதிர்ந்துவிடும். தின்னக் கொடுத்த பூச்சியே கடித்துக் காயப்படுத்தும். புற ஊதா விளக்கையும் சாதாரண டிராகனுக்கு வைப்பதைவிடக் குறைத்தே வைக்க வேண்டும். சேர்க்கையில் ஆண் பெண்ணின் கழுத்தைக் கவ்வும். செதிலற்ற பெண்ணுக்கு அது பெரும் காயம். லெதர்பேக்கை லெதர்பேக்கோடு இணைத்தால் நான்கில் ஒன்று இப்படிப் பிறக்கும். 24 முட்டையில் சராசரியாக 6. ஆகவே லெதர்பேக்குக்கு எப்போதும் சாதாரணச் செதிலுள்ள இணையே வேண்டும். விலங்குக்குத் துன்பம் தரும் பண்புகளை வளர்த்தெடுப்பதை ஜெர்மனியின் விலங்குநலச் சட்டம், பிரிவு 11பி, தடைசெய்கிறது. சட்டம் இல்லாத நாட்டிலும் துன்பம் அதேதான்.

வாங்கும் நாளில்

குறைந்தது 6 முதல் 8 வாரமாகி, 15 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, தானாகத் தின்னும் குஞ்சையே எடுங்கள். முதலில் உடல்நலம்: தெளிந்த கண், முழுமையான விரல்கள், தடித்த வால் அடி, எடுத்ததும் தலை தூக்கும் சுறுசுறுப்பு. இவற்றுக்குள் தொற்றிப் பரவும் அடினோவைரஸுக்கான பரிசோதனை பெற்றோருக்குச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். எச்சத்திலிருந்தோ கழிவாய்ப் பஞ்சுத் தடவலிலிருந்தோ பிசிஆர் முறையில் பார்க்கிறார்கள். இதில் தேறாத குஞ்சை எந்த மார்ஃப் பெயருக்காகவும் எடுக்காதீர்கள்.

பிறகு ரசீது. அதில் முட்டை பொரித்த தேதி, தாய் தந்தையின் அடையாளமும் மார்ஃபும், விற்பவர் உறுதி கூறும் மரபணுக்கள், ஹெட் என்றால் எந்த இணையிலிருந்து என்பது, உறுதி தவறினால் என்ன இழப்பீடு என்பது இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும். வாயால் “ஹைப்போதான்” என்பவர் எழுதித் தரத் தயங்கினால், அந்தச் சொல்லைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மாதம் ஒரு முறை, அதே ஜன்னலோரம், அதே வெள்ளைத் தாளில், சூடேறிய நேரத்தில் படமெடுத்து எடையும் குறித்து வையுங்கள். 18 மாதப் படங்கள் சேர்ந்தால் அதன் நிறம் என்ன என்பதற்கு உங்களிடமே சான்று இருக்கும். பின்னாளில் அதையோ அதன் குஞ்சுகளையோ வேறொருவருக்குத் தருவதானால் நீங்கள் பார்த்து உறுதிசெய்ததை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: “ஹைப்போ, 20 நகமும் தெளிவு; கண் சாதாரணம்; நிறம் ஆரஞ்சு, 14 மாதப் படம் இணைப்பு; தந்தை தெரியாது; ஹெட் எதற்கும் உறுதி இல்லை.”